பென்டிரைவ் லினக்ஸ்: மின்டா, பப்பியா, எம்எக்ஸா?

பல்லடத்தில் மாமாவின் விசைத்தறிக் கூடத்துக் கணினியில் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. 2 ஜிபி ரேம் கொண்ட பழைய பெட்டி. வந்த பாவு நூல், நெய்து போன துணியின் மீட்டர், சனிக்கிழமைக் கூலி: இவ்வளவுதான் அதில் வேலை. விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளம் லினக்ஸ். அதைப் பென்டிரைவிலேயே ஓட்டலாம் என்று அதன் மூன்று வகைகளைப் போட்டுப் பார்த்தேன்.

லினக்ஸ் மின்ட் லட்சணமானது. செருகியதும் வைஃபை கிடைத்தது. ஆனால் ஐஎஸ்ஓவை (இயங்குதளம் முழுவதும் அடங்கிய பதிவிறக்கக் கோப்பு) அப்படியே பென்டிரைவில் எழுதினால் அணைத்ததும் எல்லாவற்றையும் மறந்துவிடும். அப்படி எழுதித்தரும் ரூஃபஸ் என்ற நிரலில் சேமிப்புக்கு இடம் ஒதுக்கலாம்தான். 2 ஜிபியில் பிரௌசரைத் திறந்ததும் மூச்சு வாங்கியதால் அந்த அளவுக்கு நான் போகவில்லை.

2003இல் பாரி காலர் தொடங்கிய பப்பி நேர்மாறு. சில நூறு எம்பிதான். முழுக்க ரேமில் ஏறிக்கொண்டு பறக்கிறது. அதன் சூட்சுமமே அதன் வினையும். முதல்முறை அணைக்கும்போதுதான் சேமிப்புக் கோப்பு வேண்டுமா என்று கேட்கும். அதற்குள் கரண்ட் போனால்? போனது. யுபிஎஸ் இல்லாத கூடத்தில், காலை முழுக்கத் தட்டிய மீட்டர் கணக்கு காணாமல் போனது.

"மாப்பிள்ளை, நோட்டில் எழுதியிருந்தால் இப்படிப் போயிருக்குமா?" என்றார் மாமா. பதில் சொல்ல வாய் இல்லை.

சேமிப்புக் கோப்பு வந்த பிறகும் பப்பி இடைவெளி விட்டுத்தான் பென்டிரைவில் எழுதுகிறது. போதாததற்கு எல்லாமே ரூட் உரிமையில், அதாவது எதையும் மாற்றவும் அழிக்கவும் முடிகிற முழு அதிகாரத்தில் ஓடுகிறது. நான் போட்ட பதிப்பில் தமிழ் எழுத்துகள் கட்டம் கட்டமாகத் தெரிந்தன. பழைய கணினியிலிருந்து படங்களை மீட்டெடுக்க அதைவிடக் கைக்கு அடக்கமானது இல்லை. கணக்கு எழுத ஆகாது.

மின்ட் அளவுக்குப் பெயர் வாங்காத எம்எக்ஸ் லினக்ஸில்தான் நின்றேன். பென்டிரைவில் நிரந்தரமாகக் குடியிருப்பதை யோசித்தே செய்திருக்கிறார்கள். மாற்றங்களை ரேமில் வைத்து அணைக்கும்போது எழுதலாம். அல்லது உடனுக்குடன் பென்டிரைவிலேயே எழுதலாம். நான் இரண்டாவதை வைத்தேன். பப்பியின் வேகம் இல்லை, நிரல்கள் திறக்க நேரம் எடுக்கின்றன. ஆனால் கரண்ட் போய் வந்தபோது, சேமித்த வரிகள் அப்படியே இருந்தன. மலிவான பென்டிரைவ் ஓயாத எழுத்தைத் தாங்காது என்பதால், சனிக்கிழமை கூலி கொடுத்ததும் கணக்குக் கோப்புறையை இன்னொன்றில் நகலெடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

பென்டிரைவைச் செருகியது பெட்டியின் பின்பக்கத்தில். முன்பக்கம் என்றால் செல்போனுக்குச் சார்ஜ் போட யாராவது பிடுங்கிவிடுவார்கள்.