பத்தாண்டு வைத்திருந்தால் தெரிவது: பிரிட்டனின் சுயாதீன நிதி ஆலோசகர் சேவை

பிரிட்டனில் ஐ.எஃப்.ஏ. என்று சொல்லப்படும் சுயாதீன நிதி ஆலோசகரிடம் போகிறவர்கள், முதல் சந்திப்பில் மிகுந்த சந்தேகத்தோடு உட்காருகிறார்கள். 'இதில் இவருக்கு எவ்வளவு கமிஷன்?' என்பதுதான் மனதில் ஓடும் கேள்வி. ஏழெட்டு ஆண்டு போனபின், அதே ஆலோசகர் அனுப்பும் ஆண்டறிக்கையைப் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை. சந்தேகம் இருக்க வேண்டிய இடத்தில் இல்லாமல், ஏற்கெனவே சட்டம் அடைத்துவிட்ட ஓட்டையையே சுற்றிவருகிறது. இந்தச் சேவையை நீண்டகாலம் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டிய முதல் விஷயம் இதுதான் என்று நினைக்கிறேன்.

பழைய சந்தேகத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1988இல் தனிநபர் பென்ஷன் அறிமுகமானபோது, வேலையிடத்தின் நல்ல ஓய்வூதியத் திட்டத்தில் இருந்த செவிலியர்கள், ஆசிரியர்கள், சுரங்கத் தொழிலாளர்கள் எனப் பலர் அதைவிட்டு வெளியேறும்படி தூண்டப்பட்டார்கள். காப்புறுதி நிறுவனங்களின் விற்பனையாளர்களும் ஆலோசகர்களும் விற்ற கையோடு கமிஷன் வாங்கினார்கள். பின்னால் நடந்த மறு ஆய்வில் கொடுக்க நேர்ந்த இழப்பீடு 1,100 கோடி பவுண்டைத் தாண்டியது. அந்தக் காயத்தின் தழும்பு குடும்பங்களின் பேச்சில் இன்னும் இருக்கிறது. நிதி ஒழுங்காற்று ஆணையமான எஃப்.சி.ஏ.யின் ஆய்வுகளின்படி, பணம் கொடுத்து ஆலோசனை பெறுகிறவர்கள் வயதுவந்தோரில் பத்தில் ஒருவர்கூட இல்லை.

ஆனால் 2012 டிசம்பர் 31 முதல், முதலீடு, பென்ஷன் பற்றிய புதிய ஆலோசனைக்கு நிறுவனங்களிடம் கமிஷன் வாங்குவதற்குத் தடை. கட்டணத்தை வாடிக்கையாளரோடு பேசி முடிவுசெய்ய வேண்டும். ஆயுள் காப்புறுதிக்கும் வீட்டுக் கடனுக்கும் கமிஷன் இன்றும் உண்டு. ஆகவே கமிஷன் பற்றிய அந்தக் கேள்வியைக் கைவிட வேண்டாம். பேச்சு பென்ஷனிலிருந்து ஆயுள் காப்புறுதிக்குத் திரும்பும்போது கேளுங்கள்.

உட்காருவதற்கு முன்

எஃப்.சி.ஏ.யின் இணையப் பதிவேட்டில் நிறுவனத்தின் பதிவு எண்ணைப் போட்டுப் பார்ப்பதை எல்லாரும் சொல்வார்கள். அது போதாது. உண்மையான நிறுவனத்தின் பெயரையும் எண்ணையும் அப்படியே திருடி, தொலைபேசி எண்ணை மட்டும் மாற்றி நடத்தும் போலிகள் நிறைய. ஆகவே விசிட்டிங் கார்டில் உள்ள எண்ணை விட்டுவிட்டு, பதிவேட்டில் உள்ள எண்ணுக்கு நீங்களே அழைத்து, இந்த ஆள் அங்கே வேலை செய்கிறாரா என்று கேளுங்கள். பென்ஷன் பற்றிப் பேச வேண்டும் என்று முன்பின் தெரியாதவர் தானாக அழைத்தால் பேச்சை அங்கேயே முடித்துவிடலாம். அத்தகைய அழைப்புகளுக்கு 2019 ஜனவரி முதல் தடை இருக்கிறது.

அடுத்து, 'சுயாதீன' என்ற சொல். சட்டப்படி ஆலோசகர்கள் இரண்டு வகை. சுயாதீன ஆலோசகர் சந்தை முழுவதையும் பார்த்தே பரிந்துரைக்க வேண்டும். மற்றவர் 'வரையறுக்கப்பட்ட' ஆலோசகர். சில நிறுவனங்களின் திட்டங்களை மட்டுமோ, சில வகைத் திட்டங்களை மட்டுமோ பார்ப்பார். எந்த வகை என்பதை எழுத்தில் தெரிவிப்பது கட்டாயம். நேரில் கேட்டால் 'நாங்கள் எல்லாத்தையும் பார்ப்போம்' என்ற பதில் வரும். வாடிக்கையாளர் ஒப்பந்தத்தில் என்ன சொல் இருக்கிறது என்பதுதான் கணக்கு. வெல்த் மேனேஜர், ஃபைனான்ஷியல் கோச் போன்ற பெயர்கள் இந்தக் கேள்விக்குப் பதில் ஆகாது.

ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் தொழில்தகுதிச் சான்றிதழையும் கேளுங்கள். அதற்கு ஆண்டுக்கு 35 மணி நேரத் தொடர்பயிற்சி தேவை. இன்னொன்று: காசோலையோ வங்கி மாற்றமோ ஆலோசகரின் நிறுவனப் பெயருக்குப் போகக்கூடாது. பெரும்பாலான ஐ.எஃப்.ஏ. நிறுவனங்களுக்கு வாடிக்கையாளர் பணத்தை வைத்திருக்க அனுமதியே இல்லை. பணம் பிளாட்ஃபார்முக்கோ (முதலீடுகளை வைத்து நிர்வகிக்கும் இணையக் கணக்குச் சேவை) பென்ஷன் நிறுவனத்துக்கோ நேராகப் போக வேண்டும்.

முதல் சில மாதங்கள்

வேகத்தை எதிர்பார்க்காதீர்கள். வருமானம், கடன், குடும்பம், பழைய பென்ஷன்கள் என்று எல்லாவற்றையும் பதியும் நீண்ட படிவம் முதலில் வரும். பிறகு பழைய நிறுவனங்களிடம் தகவல் கேட்க நீங்கள் கையொப்பமிடும் அதிகாரக் கடிதம். அங்கிருந்து பதில் வரப் பல வாரங்கள் ஆகலாம். இந்த இழுத்தடிப்புக்கு ஆலோசகர் காரணம் இல்லாதபோதும் நம்பிக்கை குலைவது இங்கேதான். கடிதம் எந்தத் தேதியில் போனது, எந்த நிறுவனம் இன்னும் பதில் தரவில்லை என்று இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சொல்லச் சொன்னால் போதும்.

அபாயத்தை அளக்கும் கேள்வித்தாளை நான் அதிகம் நம்புவதில்லை. பத்துப் பதினைந்து கேள்விகளின் விடைகளைக் கூட்டி ஓர் எண் தருகிறது. ஒரு கேள்விக்குத் துணிச்சலாகவும் இன்னொன்றுக்குப் பயந்தும் பதில் சொன்னவருக்கு நடுவான எண் வரும். அந்த எண் அவரைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. நஷ்டத்தைப் பார்த்துப் பதறாத மனம் வேறு. நஷ்டம் வந்தாலும் வீட்டுச் செலவு தடைபடாத நிலை வேறு. இரண்டாவதைப் பற்றித் தனியாக எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள்.

பிறகு வருவது, பரிந்துரை ஏன் உங்களுக்குப் பொருந்தும் என்று விளக்கும் பொருத்த அறிக்கை. பக்கங்கள் குவிந்திருக்கும், அதில் பாதி எல்லாருக்கும் ஒட்டும் பொதுவாசகம். படிக்க வேண்டிய பகுதிகள் சிலவே. உங்கள் தேவை நீங்கள் சொன்ன சொற்களில் இருக்கிறதா? நிராகரித்த மாற்று வழிகளும் அதற்கான காரணமும் இருக்கின்றனவா? இந்தப் பரிந்துரையின் பாதகங்கள் எழுதப்பட்டிருக்கின்றனவா? மொத்தச் செலவு விழுக்காட்டோடு பவுண்டிலும் இருக்கிறதா?

பழைய பென்ஷன்களை ஒன்றாக இணைக்கச் சொன்னால் இன்னும் நிதானம் தேவை. 1980களிலும் 90களின் தொடக்கத்திலும் எடுத்த சில திட்டங்களில், இன்றைய சந்தை தராத ஆண்டுத்தொகை விகிதம் (சேமிப்புக்கு ஈடாக வாழ்நாள் முழுக்க ஆண்டுதோறும் கிடைக்கும் தொகையின் அளவு) உறுதி செய்யப்பட்டிருக்கும். வேறு சிலவற்றில், மற்றவர்களைவிட இளம் வயதிலேயே பணம் எடுக்கும் உரிமை இருக்கும். வெளியேறும் நாளில் மதிப்பைக் குறைக்கும் விதி கொண்டவையும் உண்டு. 'எல்லாம் ஒரே திரையில் தெரியும்' என்ற வசதிக்காக இவற்றை இழந்தவர்களுக்கு அவை திரும்பக் கிடைப்பதில்லை. மாற்றினால் எவை போகும் என்று திட்டம் திட்டமாக எழுதித் தரச் சொல்லுங்கள்.

கட்டணம்

தொடக்கக் கட்டணம் பெரும்பாலும் தொகையில் 1 முதல் 3 விழுக்காடு. தொடர் கட்டணம் ஆண்டுக்கு 0.5 முதல் 1. இதற்குமேல் பிளாட்ஃபார்ம், ஃபண்ட் செலவுகள் தனி. தொகையின் பங்காக வாங்கும் முறை ஏன் எடுபடுகிறது என்றால், பணம் கையிலிருந்து போவதில்லை. கணக்கிலிருந்து சத்தமில்லாமல் கழிகிறது.

ஒரு கணக்குப் போடுவோம். 2,00,000 பவுண்டு, செலவுக்கு முன் ஆண்டுக்கு 5% வளர்ச்சி, 20 ஆண்டு. பிளாட்ஃபார்மும் ஃபண்டும் சேர்ந்து 1% எடுத்தால் கடைசியில் நிற்பது ஏறத்தாழ 4,38,000. ஆலோசகரின் 0.75% அதோடு சேர்ந்தால் 3,79,000. வித்தியாசம் சுமார் 59,000 பவுண்டு. முதல் ஆண்டுக்கு மட்டும் பார்த்தால் இது வெறும் 1,500தான், யாருக்கும் உறுத்தாது. அந்த 59,000 வீண் என்று நான் சொல்லவில்லை. 2008 போன்ற வீழ்ச்சியில் எல்லாவற்றையும் விற்கவிடாமல் தடுத்த ஒரே ஒரு தொலைபேசி உரையாடல் அதைவிடப் பெரிய தொகையைக் காப்பாற்றலாம். ஆனால் அந்த உரையாடல் கிடைக்காமலேயே கட்டணம் மட்டும் போய்க்கொண்டிருக்கவும் கூடும்.

ஒரே முறை நிலையான கட்டணம் வாங்கும் ஆலோசகர்களும் இருக்கிறார்கள். எந்தத் திட்டத்தையும் வாங்காமல் அறிவுரை மட்டும் பெற்றால் 20% வாட் (மதிப்புக்கூட்டு வரி) சேரக்கூடும் என்பதை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாம் ஆண்டுக்குப் பின்

தொடர் கட்டணம் வாங்கினால் தொடர் வேலையும் நடக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறையாவது, பரிந்துரை இன்னும் உங்களுக்குப் பொருந்துகிறதா என்று மறுமதிப்பீடு செய்ய வேண்டும். மதிப்பு ஏறிய இறங்கிய வரைபடத்தை அனுப்புவது மறுமதிப்பீடு ஆகாது. வேலை, உடல்நிலை, குடும்பம், செலவு ஆகியவற்றில் என்ன மாறியது என்று அவர் கேட்டிருக்க வேண்டும், நீங்கள் சொன்ன பதில் அறிக்கையில் தெரிய வேண்டும்.

பெரிய ஆலோசனை நிறுவனங்களை எஃப்.சி.ஏ. ஆராய்ந்து 2025 பிப்ரவரியில் வெளியிட்ட முடிவை இங்கே நேர்மையாகச் சொல்ல வேண்டும். உரிய மறுமதிப்பீடுகளில் 83% நடந்திருந்தன. 15% வாடிக்கையாளரே வேண்டாம் என்றதாலோ பதிலளிக்காததாலோ நின்றவை. நிறுவனம் முயற்சியே எடுக்காதவை 2 விழுக்காட்டுக்கும் குறைவு. பொதுவாகப் பேசப்படும் அளவுக்கு ஏமாற்று இல்லை என்று இது காட்டுகிறது. ஆனால் அந்த 15% எனக்குக் கவலை தருகிறது. மறுமதிப்பீடு நடக்காத ஆண்டுக்கும் கட்டணம் கழிந்திருந்தால், அவர்கள் பணத்தைக் கொடுத்துவிட்டுச் சேவையைத் தாங்களே வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். ஆலோசகர் நடத்தாத சந்திப்புக்குக் கட்டணத்தைத் திருப்பிக் கேட்கலாம். தொடர் சேவையைக் காரணம் சொல்லாமலும் அபராதம் இல்லாமலும் நிறுத்தும் உரிமை உண்டு. நிறுத்தும்போது ஆலோசகருக்கு எழுதுவதோடு, கழிவை நிறுத்தும்படி பிளாட்ஃபார்முக்கும் தனியாக எழுதுங்கள். ஆலோசகர் இல்லாத கணக்கை வைத்திருக்க அந்த பிளாட்ஃபார்ம் அனுமதிக்குமா என்பதை அதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

நீண்டகாலப் பயனர்கள் தவறவிடும் இன்னொரு திருப்பம்: ஆலோசகர் ஓய்வுபெறுகிறார், தன் நிறுவனத்தைப் பெரிய நிறுவனத்துக்கு விற்கிறார். வாசலில் பெயர் மாறுகிறது, வரவேற்புக் கடிதம் வருகிறது. பின்னர் 'எங்கள் சொந்த முதலீட்டுத் தொகுப்புக்கு மாறலாமே' என்ற பரிந்துரை. புதிய நிறுவனம் வரையறுக்கப்பட்ட ஆலோசனை மட்டும் தருவதாக இருக்கலாம், அப்போது நீங்கள் தேடிப்போன சுயாதீனம் முடிந்துவிட்டது. பழைய மனிதர் மேல் வைத்த நம்பிக்கை புதியவருக்குத் தானாகப் போய்ச்சேர வேண்டியதில்லை. பதிவேடு, ஒப்பந்தம், கட்டணம் மூன்றையும் முதல் நாள்போல் மறுபடி பாருங்கள்.

முழுச் சந்தேகமும் வேண்டிய ஒரே இடம்

வாழ்நாள் முழுக்க இவ்வளவு தருவோம் என்று வேலையிடம் உறுதிசொன்ன பென்ஷனை விட்டு, மொத்தத் தொகையாக வெளியே எடுப்பது பற்றிய ஆலோசனை. உறுதியளித்த பயன்களின் மதிப்பு 30,000 பவுண்டைத் தாண்டினால் அனுமதி பெற்ற ஆலோசகரின் ஆலோசனை சட்டப்படி கட்டாயம். பிரிட்டிஷ் ஸ்டீல் ஓய்வூதியத் திட்டம் 2017இல் மறுசீரமைக்கப்பட்டபோது, வேல்ஸின் போர்ட் டால்பட் உள்ளிட்ட ஊர்களின் உருக்காலைத் தொழிலாளர்கள் ஏறத்தாழ 8,000 பேர் அப்படி வெளியேறினார்கள். எஃப்.சி.ஏ. சோதித்த கோப்புகளில் பாதிக்குச் சற்றுக் குறைவானவற்றில் ஆலோசனை பொருத்தமற்றதாக இருந்தது. மாற்றினால்தான் ஆலோசகருக்குக் கட்டணம் என்ற ஏற்பாடு அதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று. 2020 அக்டோபர் முதல், சில விதிவிலக்குகள் தவிர, அந்த ஏற்பாட்டுக்குத் தடை. மாற்றம் பொருத்தமற்றது என்ற அனுமானத்திலிருந்தே ஆலோசகர் தொடங்க வேண்டும் என்பது விதி. நேர்மையான ஆலோசகர் 'வேண்டாம்' என்று சொல்லிக் கட்டணம் வாங்குவார். அந்தக் கட்டணத்தை வீண் என்று நினைக்காதீர்கள்.

தவறு நடந்தால்

முதலில் நிறுவனத்துக்கே எழுத்தில் முறைப்பாடு. அவர்களுக்கு எட்டு வாரம் அவகாசம். இறுதிப் பதில் வந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் நிதிக் குறைதீர்ப்பு அமைப்புக்குப் போகலாம். கட்டணம் கிடையாது. பொதுவாக, சம்பவத்திலிருந்து ஆறு ஆண்டு, அல்லது தவறு தெரிந்ததிலிருந்து (தெரிந்திருக்க வேண்டியதிலிருந்து) மூன்று ஆண்டு, இவற்றில் பிந்தியது கெடு. நிறுவனமே மூழ்கிவிட்டால் நிதிச் சேவைகளுக்கான இழப்பீட்டுத் திட்டம் முதலீட்டு ஆலோசனைக்கு ஒருவருக்கு ஒரு நிறுவனத்துக்கு 85,000 பவுண்டு வரை காக்கும். சந்தை விழுந்ததால் வந்த நஷ்டத்துக்கு இவை எதுவும் உதவாது. பொருந்தாத ஆலோசனை என்று நிரூபிக்க வேண்டும்.

அதனால் ஒவ்வொரு சந்திப்பு முடிந்த அன்றே, பேசியதை நாலு வரியில் எழுதி 'நான் புரிந்துகொண்டது சரியா?' என்று ஆலோசகருக்கு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். நல்ல ஆலோசகர் இதை வரவேற்பார், அவருக்கும் அதுவே ஆதாரம். 50 வயதைத் தாண்டியவர்கள் பென்ஷனை எப்படி எடுப்பது என்ற குழப்பத்தில் மட்டும் இருந்தால், முதலில் அரசின் இலவச பென்ஷன் வைஸ் சந்திப்புக்குப் போங்கள். அங்கே எதை வாங்கு என்று சொல்லமாட்டார்கள், வழிகளை மட்டும் விளக்குவார்கள். அதற்குப் பிறகும் விடை கிடைக்காத கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு ஐ.எஃப்.ஏ.யிடம் போனால், எதற்குக் கட்டணம் கொடுக்கிறோம் என்பது இருவருக்கும் முதல் நாளிலேயே தெரிந்திருக்கும்.