கொரோலாவா, சிவிக்கா, மாஸ்டா 3-ஆ? பழைய காம்பாக்ட் கார் எடுக்கும்போது பேரை விட வருஷமும் கியர்பாக்ஸும் தான் முக்கியம்

செகண்ட் ஹேண்ட்ல ஒரு காம்பாக்ட் கார் எடுக்கணும்னு யார்கிட்ட கேட்டாலும் முதல் பதில் "கண்ணை மூடிட்டு டொயோட்டா எடு", ரெண்டாவது பதில் "ஹோண்டாவும் நல்லாத்தான் உழைக்கும்". ரெண்டுமே பாதி உண்மைதாங்க. ஆனா அந்தப் பாதியை நம்பி சேர்த்து வச்ச காசை மொத்தமா போடுறவங்களை நினைச்சா எனக்கு ரொம்ப ஆதங்கமா இருக்கும், ஏன்னா ஒரே பேர்ல ஒரே மாதிரி பாடியோட ரெண்டு வண்டி பக்கத்துல பக்கத்துல நிக்கும், ஒண்ணு மூணு லட்சம் கிலோமீட்டர் தாண்டியும் ஆயில், பிரேக், டயர் தவிர பெரிய செலவு வைக்காது, இன்னொண்ணு அதுல பாதி தூரத்துலயே இன்ஜினை இறக்க வச்சுடும். எந்த வருஷத்து வண்டி, எந்த கியர்பாக்ஸ், இந்த ரெண்டுலதான் விஷயமே இருக்கு. அந்தக் கணக்குல ஒவ்வொண்ணா பார்ப்போம்.

முதல்ல கொரோலா. இது ஆயில் குடிக்கவே குடிக்காதுன்னு ஒரு நம்பிக்கை இருக்கு, அது தப்பு. 2000-களோட ஆரம்பத்துல வந்த 1.8 லிட்டர் 1இசட்இசட் இன்ஜின் வண்டி வச்சிருந்தவங்க நிறைய பேர் சொன்னது ஒரே விஷயம்தான், ஒரு ஆயில் சேஞ்சுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல டிப்ஸ்டிக்ல, அதாவது ஆயில் லெவல் பார்க்கிற குச்சில, ஆயிலே தெரியாம போயிடுது. காரணம் பிஸ்டன்ல இருக்கு. பிஸ்டனைச் சுத்தி இருக்கிற ரிங் வழிச்சுவிடுற ஆயில் திரும்ப கீழ வடியுறதுக்கான ஓட்டைங்க ரொம்ப சின்னது, கரி படிஞ்சு அது அடைச்சதும் ரிங் ஒட்டிக்கும், ஆயில் மேல ஏறி எரிஞ்சு போகும். பின்னாடி வந்த இன்ஜின்கள்ல டொயோட்டா பிஸ்டனை மாத்தி இதை சரி பண்ணிடுச்சு. அதுக்கு அடுத்த தலைமுறைல வந்த 2இசட்ஆர் 1.8 இன்ஜின் இருக்கே, அதுதான் கொரோலாவுக்கு இன்னைக்கு இருக்கிற நல்ல பேருக்கு உண்மையான சொந்தக்காரன். டைமிங் செயின், பெல்ட் மாத்துற செலவு கிடையாது, டர்போ கிடையாது, பெட்ரோலை நேரா சிலிண்டருக்குள்ள பீய்ச்சுற டைரக்ட் இன்ஜெக்ஷன் கிடையாது, கெட்டுப்போக அதுல அதிகமா ஒண்ணும் இல்ல. அடிக்கடி கேக்குற புகார்னா வாட்டர் பம்ப் கசிவு, பம்ப் பக்கத்துல கூலன்ட் காஞ்சு ரோஸ் கலர்ல கறை இருக்கும், பார்த்ததும் தெரிஞ்சிடும், மாத்துறதும் பெரிய வேலை இல்ல.

கியர்பாக்ஸ்ல நாலு ஸ்பீடு ஆட்டோமேட்டிக் பழைய சரக்குதான். ஹைவேல ஆர்பிஎம் ஏறி சத்தம் போடும், மைலேஜும் கொஞ்சம் அடி வாங்கும், ஆனா ஃப்ளூயிட் மாத்திட்டே வந்தா வண்டி இருக்கிற வரைக்கும் அதுவும் இருக்கும். அதே கொரோலால சில நாடுகள்ல மல்டிமோட்னு ஒண்ணு வந்துச்சு, உள்ள சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ், கிளட்சை அமுக்குறதையும் கியர் மாத்துறதையும் ஆக்சுவேட்டர்ங்கிற மோட்டார் அமைப்பு பார்த்துக்கும். அந்த ஆக்சுவேட்டர் போயி வண்டி நியூட்ரல்லயே நின்னுடுச்சுன்னு சொன்ன ஓனர்கள் ஏராளம். வெளிய இருந்து பார்த்தா ரெண்டுமே ரெண்டு பெடல் வச்ச கொரோலாதான்! அதனாலதான் பேரை மட்டும் பார்த்து எடுக்காதீங்கன்னு திரும்பத் திரும்ப சொல்றேன்.

சிவிக் கதை இன்னும் சிக்கல், இங்க வருஷத்தை ரொம்பவே கவனிக்கணும். 2001-லேருந்து 2005 வரைக்கும் வந்ததுல ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் பலவீனம், மேனுவல் மட்டும் யோசிக்கலாம், அதுலயும் டைமிங் பெல்ட் எப்போ மாத்தினாங்கன்னு பில் கேட்டு வாங்குங்க. 2006-ல வந்த எட்டாம் தலைமுறை பார்க்கவும் ஓட்டவும் அவ்வளவு அழகான வண்டி, எனக்கு ரொம்பப் பிடிச்ச டிசைன், ஆனா 2006-லேருந்து 2008 வரைக்கும், 2009 ஆரம்பத்துலயும் வந்த 1.8 இன்ஜின்கள் சிலதுல அலுமினியம் பிளாக்லயே விரிசல் விழுந்துச்சு. கூலன்ட் சொட்டுச் சொட்டா வெளியேறும், தரைல குட்டை மாதிரி தேங்காது, சூட்டுல காஞ்சுடும், அதனால ஓனருக்கு ரிசர்வாயர் குறையுது, ஊத்துறோம், திரும்ப குறையுதுன்னு மட்டும்தான் தெரியும். ஒருநாள் டெம்பரேச்சர் முள் மேல போகும்போதுதான் விஷயம் வெளிய வரும். அமெரிக்கால ஹோண்டாவே இதுக்கு வாரன்டியை 10 வருஷம் வரைக்கும் நீட்டி பிளாக் மாத்திக் கொடுத்துச்சு. மாத்தின வண்டி கிடைச்சா தாராளமா எடுக்கலாம், மாத்தாததுன்னா அந்த நீட்டிப்பெல்லாம் எப்பவோ முடிஞ்சு போச்சு, செலவு முழுக்க உங்க தலைலதான். பானெட், கூரைல பெயின்ட்டோட மேல் பூச்சு வெடிச்சு உரியறதும் இதே வருஷங்கள்ல நிறைய, அது வண்டி ஓடுறதைப் பாதிக்காது, ஆனா திரும்ப விக்கும்போது விலையைக் குறைக்கும்.

2012-லேருந்து 2015 வரைக்கும் வந்த ஒன்பதாம் தலைமுறையை யாரும் பெருசா கொண்டாடல, உள்ள பிளாஸ்டிக் மலிவா இருக்கு, ஓட்ட சுவாரஸ்யம் இல்லன்னு குறை சொன்னாங்க. நம்பகத்தன்மைன்னு வந்தா சிவிக்லயே நான் முதல்ல தேடுறது இதைத்தான். 2016-ல வந்த பத்தாம் தலைமுறைல ரெண்டு விஷயம் பாருங்க. ஆரம்ப வருஷ வண்டிகள்ல ஏசி கண்டென்சர் கசிஞ்சு கூலிங் போயிடும். இன்னொண்ணு 1.5 டர்போ, குளிர் நாட்டுல சின்னச் சின்ன தூரமா ஓட்டுறவங்களுக்கு இன்ஜின் முழுசா சூடேறாம பெட்ரோல் ஆயில்ல கலந்துடும், டிப்ஸ்டிக்ல ஆயில் லெவல் குறையுறதுக்கு பதிலா ஏறும், மோந்து பார்த்தா பெட்ரோல் வாடை வரும். அதே பாடில டர்போ இல்லாத 2.0 இன்ஜினும் இருக்கு, அதுல இந்தத் தலைவலி இல்ல.

மாஸ்டா 3-ஐப் பத்தி பேசுறவங்க குறைவு, அதுதான் எனக்கு வருத்தம். முதல் தலைமுறைல, அதாவது 2003-லேருந்து 2009 வரைக்கும் வந்ததுல, இன்ஜின் நல்லாத்தான் இருக்கும், எதிரி துருதான். பனிக்காலத்துல ரோட்டுல உப்பு போடுற ஊர்னா பின் வீல் ஆர்ச்சுல கையை விட்டுத் தடவிப் பாருங்க, பெயின்ட் கொப்புளிச்சிருந்தா உள்ள இரும்பு போயிருக்கும். 2013 கடைசில வந்த மூணாவது தலைமுறை வேற லெவல். எல்லாரும் சிவிடி (தனித்தனி கியருக்கு பதிலா பெல்ட், புல்லி வச்ச ஆட்டோமேட்டிக்) பக்கமும் டூயல் கிளட்ச் (ரெண்டு கிளட்ச் மாறி மாறி வேலை செய்யுற ஆட்டோமேட்டிக்) பக்கமும் ஓடின நேரத்துல மாஸ்டா ஆறு ஸ்பீடு சாதாரண டார்க் கன்வெர்ட்டர் (கிளட்சுக்கு பதிலா ஃப்ளூயிட் வழியா சக்தியைக் கடத்துறது) ஆட்டோமேட்டிக்கையே பிடிச்சுக்கிட்டு நின்னுச்சு, இன்ஜின்லயும் டர்போ போடாம கம்ப்ரஷன் விகிதத்தை, அதாவது சிலிண்டருக்குள்ள காத்தை எத்தனை மடங்கு அமுக்குறதுங்கிறதை, 13, 14-க்கு ஏத்தி பவரும் மைலேஜும் எடுத்துச்சு. அந்த முடிவோட பலன் இப்போ ரெண்டாவது, மூணாவது ஓனருக்குத்தான் கிடைக்குது. ஒண்ணு மட்டும், நான் சொல்றது பெட்ரோல் வண்டி. 2.2 டீசல்ல கரி, டிபிஎஃப் (புகைல வர்ற கரியைப் பிடிக்கிற ஃபில்டர்) தொல்லை, ஆயில்ல டீசல் கலக்குறதுன்னு தனி லிஸ்டே இருக்கு, பக்கமே போகாதீங்க.

ஃபோர்டு ஃபோக்கஸ் ஓட்டிப் பார்த்தா நாலுலயும் ரோட்டைப் பிடிச்சு போறது இதுதான்னு மனசு சொல்லும், விலையும் மத்ததை விட குறைவா இருக்கும். ஏன் குறைவு? 2011-லேருந்து வந்த மூணாவது தலைமுறைல பவர்ஷிஃப்ட்னு டிரை கிளட்ச் டூயல் கிளட்ச் ஆட்டோமேட்டிக். டிராஃபிக்ல ஊர்ந்து போகும்போது வண்டி நடுங்கும், உதறும், சீல் கசிஞ்சு கிளட்ச்ல ஆயில் படும், கன்ட்ரோல் மாட்யூல் போகும், மாத்தினாலும் கொஞ்ச நாள்ல திரும்ப வரும். இந்தப் புகார்களைக் கையாண்ட விதத்துக்காக 2018-ல ஆஸ்திரேலியால கோர்ட்டே ஃபோர்டுக்கு ஒரு கோடி டாலர் அபராதம் போட்டுச்சு. அதே ஃபோக்கஸ் 2.0 பெட்ரோல் மேனுவல்னா வேற வண்டி, நிம்மதியா ஓட்டுறவங்க இருக்காங்க. 1.0 ஈகோபூஸ்ட் எடுக்கிறவங்க கவனமா இருங்க, அதுல ஆயிலுக்குள்ளயே ஓடுற பெல்ட், ஆயில் சேஞ்சை தள்ளிப் போட்டா பெல்ட் பிஞ்சு தூள் ஆயில் பிக்கப்பை, அதாவது ஆயில் பம்ப் உறிஞ்சுற வாயை, அடைச்சுக்கும், இன்ஜின் போயிடும். நிசான் சென்ட்ரா 2013-லேருந்து வந்த சிவிடியும் இதே ரகம், மலிவா கிடைக்குதுன்னு சபலப்படாதீங்க.

ஓனர்கள் சொல்றதை எப்படி எடுத்துக்கணும்னும் சொல்லிடறேன். "எனக்கு ஒரு பிரச்சனையும் இல்ல"ன்னு சொல்றவர்கிட்ட மூணு கேளுங்க, எந்த வருஷம், எந்த கியர்பாக்ஸ், எங்க ஓட்டுறீங்க. தினமும் ஹைவேல போறவரோட டூயல் கிளட்ச் நல்லாத்தான் இருக்கும், அதே வண்டி சிட்டி நெரிசல்ல வருஷத்துக்குள்ள உதற ஆரம்பிக்கும். ரெண்டு பேர் சொல்றதும் நிஜம்தான்.

என்கிட்ட கேட்டா, வண்டியைப் பத்தி யோசிக்கவே நேரமில்ல, ஸ்டார்ட் ஆகணும் போகணும் அவ்வளவுதான்னு இருக்கிறவங்களுக்கு 2இசட்ஆர் இன்ஜின் கொரோலா, மேனுவல் இல்லன்னா பழைய நாலு ஸ்பீடு. ஓட்டுறது கொஞ்சம் ரசிக்கிற மாதிரியும் இருக்கணும்னா 2014-க்கு மேல மாஸ்டா 3 பெட்ரோல், நானா இருந்தா யோசிக்காம இதைத்தான் எடுப்பேன். சிவிக்தான் வேணும்னா 2012-லேருந்து 2015, அது கிடைக்கலன்னா பத்தாம் தலைமுறைல டர்போ இல்லாத 2.0.

எதை எடுத்தாலும் காசு கொடுக்கிறதுக்கு முன்னாடி சேசிஸ் நம்பரைப் போட்டு ரீகால் (குறை இருக்குன்னு கம்பெனியே வண்டியைத் திரும்பக் கூப்பிட்டு சரி பண்றது) பாக்கி இருக்கான்னு பாருங்க, முக்கியமா தகாட்டாங்கிற கம்பெனி செஞ்ச ஏர்பேக். வெடிக்கும்போது உலோகத் துண்டை முகத்துல அடிச்சு ஆள் செத்திருக்காங்க, மாத்திக் கொடுக்கிறது இலவசம், ஆனா மாத்தாமலே கை மாறின வண்டிங்க இன்னும் ஓடிட்டு இருக்கு. அப்புறம் இன்ஜின் முழுசா ஆறி இருக்கும்போதுதான் வண்டியைப் பார்க்கப் போங்க. கூலன்ட் லெவல், டிப்ஸ்டிக், முதல் ஸ்டார்ட் சத்தம், சைலன்சர்ல நீலப் புகை எல்லாம் அப்போதான் தெரியும். நீங்க போகும்போதே பானெட் சூடா இருந்தா, மறுநாள் காலைல வர்றேன், அதுவரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்கன்னு சொல்லிட்டு வந்துடுங்க.