எச்சரிக்கை: லினக்ஸ் மடிக்கணினிக்கு 'மாற்று இணைய இணைப்பு' என்று சொல்லி 14,500 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள்

பாம்பனில் எங்கள் குடும்பம் நடத்தும் மீன் கொள்முதல் கொட்டகையில் கணக்கு எழுதுபவள் நான். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் முதன்முதலாகக் கரை திரும்பிய விடியற்காலையில் எங்களுக்கு நேர்ந்ததை, நான்கு நாட்கள் கழித்து, கோபம் சற்றும் குறையாத நிலையில் எழுதுகிறேன். எங்களிடமிருந்து 14,500 ரூபாய் வாங்கிக்கொண்டு, செய்யாத வேலையைச் செய்ததாகக் காட்டிவிட்டுப் போனது ராமநாதபுரத்தில் உள்ள ஒரு கணினி விற்பனை மற்றும் பழுதுபார்ப்புக் கடை. அதன் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அவர்கள் செய்த முறையை மட்டும் தெளிவாகச் சொல்கிறேன். இதே முறையில் இன்னொருவர் ஏமாறக்கூடாது.

எங்கள் தொழிலுக்கு இணையம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. படகு கரைக்கு வரும் நேரத்தில் தூத்துக்குடி ஏற்றுமதி நிறுவனங்களும் கேரளத்து வியாபாரிகளும் அன்றைய விலையைக் கைப்பேசியிலும் கணினியிலும் அனுப்புவார்கள். சங்காயம் எனும் மலிவான கழிவு மீன் முதல் இறால் வரை எடை போட்டு, பெட்டிக்குப் பெட்டி பதிந்து, படகுக்காரர்களுக்கு அங்கேயே பணம் அனுப்ப வேண்டும். விலை தெரியாமல் ஒரு மணி நேரம் நின்றால், ஐஸ் கரைவதைப் போலவே எங்கள் லாபமும் கரையும். ஆனால் வைகாசி, ஆனி மாதங்களில் கச்சான் காற்று எழும்பினால் கம்பத்தில் தொங்கும் ஃபைபர் கேபிள் எந்த நேரம் அறுந்து விழும் என்று சொல்ல முடியாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் வேலை குறைவாக இருப்பதால், அதற்குள் ஒரு மாற்று இணைப்பை ஏற்பாடு செய்துவிட வேண்டும் என்று முடிவு செய்தோம்.

கொட்டகையில் இருப்பது ஒரு பழைய மடிக்கணினி. விண்டோஸ் அதில் நகராமல் போனபோது, பொறியியல் படிக்கும் என் அக்காள் மகள் அதற்குப் பதிலாக உபுண்டு 22.04 என்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்தாள். அதன் பிறகு ஒரு நாளும் தொல்லை தரவில்லை. அவளுக்குத் தேர்வு நேரம் என்பதால் அவளைத் தொந்தரவு செய்யாமல், 'லினக்ஸ் வேலையும் செய்து தரப்படும்' என்று பலகை வைத்திருந்த அந்தக் கடைக்குப் போனோம். சிம் போட்டுக் கணினிக்கு மொபைல் இணையம் தரும் டாங்கிள் என்ற சிறு கருவிக்கு 3,200, வேலைக்கு 9,000, ஓராண்டுப் பராமரிப்புக்கு 2,300, ஆக மொத்தம் 14,500 ரூபாய் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். டாங்கிளில் போடுவதற்கு என் கணவரின் பெயரில் உள்ள சிம்மை நாங்களே ரீசார்ஜ் செய்து வைத்தோம்.

வந்த இளைஞர் மரியாதையாகவே பேசினார். மீன் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, நான் கொடுத்த தேநீரைக் குடித்துக்கொண்டே எனக்கு விளக்கினார். லினக்ஸில் ஒவ்வொரு இணைப்புக்கும் அதன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ஒரு ப்ரொஃபைல் உண்டு, அவற்றை நெட்வொர்க் மேனேஜர் என்ற மென்பொருள் நிர்வகிக்கிறது, ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு முன்னுரிமை எண் உண்டு, ஒரே நேரத்தில் பல இணைப்புகள் உயிரோடு இருந்தால் எண் குறைவான பாதையையே கணினி தேர்ந்தெடுக்கும் என்றார். கேபிளுக்கு 100, வைஃபைக்கு 600, மொபைல் டாங்கிளுக்கு 700 என்று அவர் சொன்னதை என் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதியும் வைத்தேன். அவர் சொன்ன எல்லாமே சரிதான் என்பதை இப்போது அறிகிறேன். அவ்வளவு சரியாகத் தெரிந்த ஒருவர்தான் அதைச் செய்தார் என்பதே எனக்கு ஆறவில்லை.

ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் கழித்து, "அக்கா, நீங்களே உங்க கையால கேபிளைப் பிடுங்கிப் பாருங்க" என்றார். பிடுங்கினேன். இரண்டு மூன்று நொடிகள் நின்றது, பிறகு பக்கம் திறந்தது. டாங்கிளில் விளக்கு மின்னிக்கொண்டிருந்தது. மறுபடி கேபிளைச் சொருகினேன், மறுபடி பிடுங்கினேன், ஒவ்வொரு முறையும் இணையம் ஓடியது. அந்த நிமிடத்தில் எனக்கு வந்த நிம்மதியை நான் மறுக்கவில்லை. பல வருடங்களாகக் காற்றுக் காலத்தில் பட்ட பாடு முடிந்தது என்று நினைத்து, கைப்பேசியிலேயே 14,500 ரூபாயையும் ஒரே தவணையில் அனுப்பினேன். அவருடைய கைப்பேசி எடை எந்திரத்தின் பக்கத்தில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்ததைப் பார்த்தேன். அதற்கு எந்த அர்த்தமும் அன்று எனக்குத் தோன்றவில்லை.

முதல் படகுகள் வந்த விடியற்காலை நாலரை மணிக்கு விலைப் பக்கம் அப்படியே நின்றுவிட்டது. வெளியே போய்ப் பார்த்தால் கம்பத்திலிருந்து கேபிள் தரையில் கிடந்தது. கணினியோ இணைப்பு இருப்பதாகவே காட்டியது. அவர் கற்றுக்கொடுத்தபடி கேபிளைப் பிடுங்கினேன். டாங்கிள் விளக்கு மின்னியது, இணையம் வரவில்லை. கணினியை அணைத்துத் திறந்தேன். வரவில்லை. முந்தைய நாள் விலையை வைத்துக் கணக்கு முடித்து அனுப்பினோம், அதில் ஏற்பட்ட நட்டத்தை இந்த 14,500 ரூபாயோடு நான் சேர்க்கவே இல்லை.

காலை ஒன்பது மணிக்குக் கடையை அழைத்தேன். பாம்பனில் காற்று அதிகம், சிக்னல் கிடைக்காது என்றார்கள். அதே இடத்தில் என் கைப்பேசியில் அதே நிறுவனத்தின் சிக்னல் முழுதாக இருக்கிறது என்றேன். அழைப்பு துண்டிக்கப்பட்டது. மறுபடி அழைத்தபோது, "வீட்டுல அண்ணன் இருந்தா போனைக் குடுங்கம்மா, டெக்னிக்கலாப் பேசணும்" என்றார் ஒருவர். கணக்கு எழுதுவதும் பணம் அனுப்பியதும் நான்தான் என்று சொன்ன பிறகு, லினக்ஸ் என்றால் அப்படித்தான் இருக்கும், விண்டோஸ் போட்டுக்கொள்ளுங்கள், அதற்குத் தனிக் கட்டணம் என்றார். மறுநாள் என் கணவர் ஒரு மணி நேரத்துக்கு மேல் பேருந்தில் போய்க் கடையிலேயே நின்றார். அந்தப் பையன் வேலையை விட்டுப் போய்விட்டான், இன்னொருவர் வந்து பார்க்க 3,000 ரூபாய் ஆகும் என்றார்கள். 14,500 ரூபாயில் ஓராண்டுப் பராமரிப்பும் அடக்கம் என்று சீட்டைக் காட்டியபோது, அது வெறும் எஸ்டிமேட்தான், பில் இல்லை என்று பதில் வந்தது. நிர்வாகி கடவுச்சொல்லையாவது கொடுங்கள் என்றதற்கு, அதை வெளியே தரக்கூடாது என்பது கடையின் விதி என்றார்கள். எங்கள் கணினியின் கடவுச்சொல்லை எங்களுக்கே தரக்கூடாதாம்! "பாதுகாப்புக்காக" என்று சொல்லி கணினியில் என் பயனர் கணக்குக்கு இருந்த நிர்வாக உரிமையை அந்த இளைஞர் எடுத்துவிட்டு, தனக்கென்று ஒரு பயனர் கணக்கைத் திறந்து வைத்திருந்தது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அன்று இரவே அக்காள் மகள் வந்தாள். கணினியை மீட்பு நிலையில் தொடங்கி என் உரிமையைத் திரும்ப வாங்கிக் கொடுத்த பிறகு, ப்ரொஃபைல்களின் பட்டியலை எடுத்தாள். மூன்று இருந்தன: கேபிள், 'பேக்கப்' என்று பெயரிட்ட ஒன்று, டாங்கிளுக்கான ஒன்று. 'பேக்கப்' என்பது டாங்கிளே அல்ல, ஒரு வைஃபை ப்ரொஃபைல். அது தேடும் வைஃபையின் பெயர் ஒரு கைப்பேசி மாடலின் பெயர். அதாவது, நான் கேபிளைப் பிடுங்கிய ஒவ்வொரு முறையும் இணையம் ஓடியது எடை எந்திரத்தின் பக்கத்தில் கவிழ்ந்து கிடந்த அவருடைய கைப்பேசியின் ஹாட்ஸ்பாட் வழியாக. 100 போனால் 600 வரும் என்று அவர் சொன்னது உண்மை. அந்த 600 அவருடைய சட்டைப்பையில் ஏறி ராமநாதபுரத்துக்குப் போய்விட்டது.

இதற்குச் சாட்சி கணினியிலேயே இருக்கிறது. ஒவ்வொரு ப்ரொஃபைலும் கடைசியாக எப்போது இணைந்தது என்பதை நெட்வொர்க் மேனேஜர் குறித்து வைக்கிறது. 'பேக்கப்' கடைசியாக இணைந்தது அவர் வந்த நாளின் மாலையில். டாங்கிள் ப்ரொஃபைலுக்கு நேராக 'ஒருபோதும் இல்லை' என்று பொருள்படும் சொல் இருந்தது. 9,000 ரூபாய் வேலைக்கூலி வாங்கியவர், அந்த டாங்கிளை ஒரு முறைகூட இணைத்துப் பார்க்கவில்லை. சிம் நிறுவனத்தின் இணையத்தோடு சேர்வதற்கான ஏபிஎன் என்ற முகவரி அதில் நிரப்பப்படவே இல்லை. அதோடு அந்த ப்ரொஃபைல் எல்லாப் பயனர்களுக்கும் என்றில்லாமல் அவருடைய கணக்குக்கு மட்டும் அனுமதிக்கப்பட்டிருந்ததால், நான் என் கணக்கில் நுழைந்தபோது அது பட்டியலில்கூடத் தெரியவில்லை.

இன்னொன்றையும் அவள் காட்டினாள், இதை லினக்ஸ் வைத்திருப்பவர்கள் எல்லோரும் கவனிக்க வேண்டும். கணினியிலிருந்து கேபிளைப் பிடுங்குவது வேறு, கம்பத்தில் கேபிள் அறுவது வேறு. கம்பத்தில் அறுந்தாலும் வீட்டிலுள்ள ரவுட்டர் உயிரோடுதான் இருக்கும், ரவுட்டருக்கும் கணினிக்கும் இடையே உள்ள கேபிளும் உயிரோடுதான் இருக்கும், ஆகவே கணினி அந்த 100 எண் பாதையையே பிடித்துக்கொண்டு நிற்கும். வெளியுலகம் உண்மையில் எட்டுகிறதா என்று அவ்வப்போது சோதிக்கும் வசதி நெட்வொர்க் மேனேஜரில் இருக்கிறது. அது இயங்கினால், செத்த இணைப்பின் எண்ணோடு 20,000 கூட்டி அதைப் பின்னுக்குத் தள்ளிவிடும், அடுத்த பாதை முன்னுக்கு வரும். எங்கள் கணினியில் அந்தச் சோதனை அணைக்கப்பட்டிருந்தது. எனவே அந்த இளைஞர் தன் கைப்பேசியை இங்கேயே விட்டுவிட்டுப் போயிருந்தாலும்கூட, கம்பத்தில் அறுந்த அன்று அது தானாக உதவியிருக்காது. நான் நம்பிக்கை வைத்த அந்தப் 'பிடுங்கிப் பாருங்க' சோதனையே எங்கள் பிரச்சினைக்கான சோதனை அல்ல.

டாங்கிளுக்குப் புதிய ப்ரொஃபைல் போட்டு, சிம் நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்து, எல்லாப் பயனர்களுக்கும் அனுமதி கொடுத்து, தானாக இணையும்படி வைத்து, அந்தச் சோதனை வசதியையும் திறந்து முடிக்க அவளுக்கு அரை மணி நேரம் ஆனது. இடையில் ஒரு தடங்கல்: அவளுடைய கணினியிலிருந்து ப்ரொஃபைல் கோப்பைப் பென்டிரைவில் கொண்டுவந்து போட்டபோது, கோப்பு நிர்வாகியின் பெயரில் இல்லாமலும் மற்றவர்கள் படிக்கக்கூடியதாகவும் இருந்ததால் நெட்வொர்க் மேனேஜர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. உரிமையை மாற்றிய பிறகே ஏற்றுக்கொண்டது. வைஃபை கடவுச்சொற்கள் அந்தக் கோப்புகளுக்குள் மறைப்பு எதுவுமின்றி எழுதப்பட்டிருக்கும் என்பதால்தான் அந்தக் கண்டிப்பு. அந்த இளைஞருடைய ஹாட்ஸ்பாட் கடவுச்சொல்லும் எங்கள் கணினியில் அப்படித்தான் கிடந்தது. அதை நாங்கள் எங்கும் வெளியிடவில்லை, அழித்துவிட்டோம். அழிப்பதற்கு முன் பட்டியலையும் தேதியையும் படம் எடுத்து வைத்தோம்.

2004ஆம் ஆண்டில் ரெட் ஹாட் நிறுவனம் தொடங்கிவைத்து, இன்று யாரும் காசில்லாமல் பயன்படுத்தும் ஒரு மென்பொருள் இது. அதில் அரை மணி நேர வேலை. அதைக்கூடச் செய்யாமல் 14,500 ரூபாய்!

நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழைத்துப் புகார் சொல்லியிருக்கிறேன். வியாபாரத்துக்காக வாங்கிய சேவை என்று தட்டிக்கழிக்கப் பார்ப்பார்கள் என்று தெரிந்தவர் ஒருவர் எச்சரித்தார். ஆனால் பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவரும் நுகர்வோர்தான் என்று 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலேயே இருக்கிறது, மாவட்ட நுகர்வோர் ஆணையம் வரை போகத் தயாராக இருக்கிறோம். கையில் பில் இல்லாததுதான் பலவீனம். பணம் அனுப்பிய பதிவும் துண்டுச் சீட்டும் இருக்கின்றன.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்திருந்தேன், படகு வரும் நேரமாகிவிட்டது, ஆகவே சுருக்கமாக. சோதித்துக் காட்டும்போது வந்தவருடைய கைப்பேசியை அணைத்து வைக்கச் சொல்லுங்கள். கேபிளைப் பிடுங்க வேண்டியது கணினியில் அல்ல, ரவுட்டருக்குள் வெளியிலிருந்து வரும் பக்கத்தில். நிர்வாகி கடவுச்சொல்லைக் கொடுத்தால், அவர் போவதற்குள் உங்கள் கணக்கில் அந்த உரிமை இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். கணினியை அணைத்துத் திறந்து, உங்கள் கணக்கிலேயே இன்னொரு முறை சோதியுங்கள். பில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள், முழுத் தொகையையும் அன்றே கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

இன்று காலையும் கடைக்கு அழைத்தேன். என் எண்ணையும் என் கணவர் எண்ணையும் தடுத்து வைத்திருக்கிறார்கள். 14,500 ரூபாயில் ஒரு ரூபாய்கூடத் திரும்பி வரவில்லை.