லேப்டாப் எங்கே, ஆள் என்ன செய்கிறார்: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலையில் சின்னதாக ஒரு வரிக்கணக்கு அலுவலகம் நடத்துகிறேன். ரப்பர் வியாபாரிகள், முந்திரி ஆலைக்காரர்கள், குளச்சல் பக்கம் மீன் யாவாரம் செய்பவர்கள் என்று வாடிக்கையாளர்கள் மாவட்டம் முழுக்கச் சிதறிக் கிடக்கிறார்கள். அதனால் எங்கள் லேப்டாப்புகள் பைக்கிலும் பஸ்ஸிலும் போய்வந்துகொண்டே இருக்கும். ஊர்க்காரர்களின் வங்கிக் கணக்கு, பான் எண், வரவு செலவு எல்லாம் அதற்குள்தான். இரண்டு வகை மென்பொருள் போட்டேன். ஒன்று லேப்டாப் எங்கே இருக்கிறது என்று காட்டுவது. இன்னொன்று அதில் என்ன வேலை நடக்கிறது என்று பதிவு செய்வது. முதலாவது இன்னும் இருக்கிறது. இரண்டாவது உருமாறிவிட்டது.

இடம் காட்ட 'பிரே' வைத்திருக்கிறேன். 2009-இல் சிலி நாட்டில் லினக்ஸுக்காகத் தொடங்கியது. இப்போது விண்டோஸ், மேக், ஆண்ட்ராய்டு எல்லாவற்றிலும் ஓடும். கணினியில் நிறுவும் பகுதியின் மூலநிரலை யாரும் படித்துப் பார்க்கும்படி திறந்தே வைத்திருக்கிறார்கள் என்பதுதான் என்னை இழுத்தது. பின்னணியில் ஓடுவதே தெரியாது, பழைய லேப்டாப்பையும் மந்தமாக்கவில்லை. விண்டோஸிலேயே 'ஃபைண்ட் மை டிவைஸ்' இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது, அதையும் ஆன் செய்து வையுங்கள். ஆனால் அதற்கு மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்திருக்க வேண்டும். அலுவலகக் கணக்கென்றால் ஆகாது.

வரைபடத்தில் விழும் புள்ளியை எப்படிப் படிப்பது என்று தெரிந்துகொள்ளத்தான் எனக்கு ரொம்ப நாள் ஆனது. லேப்டாப்பில் பெரும்பாலும் ஜி.பி.எஸ். கிடையாது. சுற்றியிருக்கும் வைஃபை ரவுட்டர்களின் அடையாள எண்களைப் பொறுக்கி, 'இந்த ரவுட்டர் இந்த இடத்தில்' என்ற பெரிய பட்டியலோடு ஒப்பிட்டுத்தான் இடத்தைச் சொல்கிறது. நாகர்கோவில் வடசேரி, மீனாட்சிபுரம் என்றால் வீட்டுக்கு வீடு ரவுட்டர். தெருவரை சரியாக வரும். குலசேகரம் தாண்டி பேச்சிப்பாறை ரோட்டில் ரப்பர் தோட்டத்துக்குள் போனால் புள்ளியைச் சுற்றி வரும் வட்டம் ஊரளவுக்குப் பெருத்துவிடும். ஒரு வாடிக்கையாளர் நாகர்கோவில் கடையை மூடிவிட்டு, ரவுட்டரையும் கழற்றிக்கொண்டு குலசேகரம் பக்கத்து வீட்டுக்குப் போனார். அங்கே வேறு வைஃபை எதுவும் இல்லை. அவர் வீட்டில் உட்கார்ந்து எங்கள் பையன் வேலை பார்த்த நாள் முழுவதும் லேப்டாப் நாகர்கோவிலில் இருப்பதாகவே காட்டியது. தெரியாதவர் பார்த்தால் பையன் பொய் சொல்லி ஊர் சுற்றுகிறான் என்றுதான் நினைப்பார்.

வைஃபையும் கைகொடுக்காவிட்டால் ஐ.பி. முகவரி, அதாவது இணையத்தில் இணையும்போது கிடைக்கும் எண்தான் கதி. இணைய நிறுவனத்தின் வலை வெளியே வரும் ஊரைத்தான் அது சொல்லும். செல்போன் ஹாட்ஸ்பாட்டில் அருமனையில் ஓடும் லேப்டாப் சென்னையில் இருப்பதாக வரும். களியக்காவிளை பக்கம் போன் கேரள டவரைப் பிடித்துக்கொண்டால் வேறு ஏதாவது ஊர். இதை வைத்து யாரிடமும் சண்டைக்குப் போகாதீர்கள்.

சரி, உண்மையில் உதவியதா? ஒருமுறை மார்த்தாண்டத்திலிருந்து வந்த பஸ்ஸில் பையோடு லேப்டாப் போய்விட்டது. பிரேயில் தொலைந்ததாகக் குறித்தேன், பூட்டும்படி உத்தரவு கொடுத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. மூடி வைத்த லேப்டாப் தூங்கிக்கொண்டிருக்கும்; இணையம் இல்லாமல் உத்தரவு எப்படிப் போகும்? மேக் என்றால் பக்கத்தில் போகிற ஐபோன்கள் ப்ளூடூத் வழியாகப் பிடித்துக் காட்டிக்கொடுக்க வாய்ப்புண்டு. நம் லேப்டாப்புக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கடைசியில் பஸ் ஸ்டாண்ட் டைம் கீப்பர் அறையிலிருந்து போன் வந்தது, பையில் ஒட்டியிருந்த நம்பரைப் பார்த்து. இன்னொரு தடவை ஒரு சர்வீஸ் கடையில் "பார்ட்ஸ் வரணும் சார், இன்னும் தொறக்கவே இல்ல" என்றார்கள். முந்தின நாள் சாயங்காலம் அந்தக் கடை இருக்கும் தெருவிலிருந்தே லேப்டாப் இணையத்தில் இருந்ததை வரைபடம் காட்டியது. அன்றிலிருந்து சர்வீசுக்குக் கொடுக்கும் முன் பாஸ்வேர்டை மாற்றிவிடுகிறோம்.

இங்கே ஒரு இழுபறி இருக்கிறது. திருடன் உள்ளே நுழைந்து இணையத்தில் இணைத்தால்தான் இடம் தெரியும். அதற்காகவே பாஸ்வேர்ட் இல்லாத விருந்தினர் கணக்கு ஒன்றை விட்டுவைக்கச் சொல்கிறவர்கள் உண்டு. வன்வட்டைப் பூட்டி, ஆன் செய்யும்போதே பின் கேட்கும்படி வைத்தால் தகவல் பத்திரம், ஆனால் லேப்டாப் ஊமை. நான் பூட்டுவதைத்தான் தேர்ந்தெடுத்தேன். லேப்டாப் போனால் காசோடு போகும், வாடிக்கையாளரின் கணக்கு வெளியே போனால் கடையை மூட வேண்டியதுதான். எப்படியும் வன்வட்டை அழித்து விண்டோஸை மறுபடி ஏற்றினால் பிரேவும் சேர்ந்து போய்விடும்.

இனி கண்காணிப்பு. முதலில் போட்டது சில நிமிடத்துக்கு ஒருமுறை திரையைப் படம் பிடித்து வெளிநாட்டு சர்வருக்கு அனுப்பும் கட்டண மென்பொருள். எல்லாரிடமும் சொல்லிவிட்டுத்தான் போட்டேன். ஒரு மாதப் படங்களைப் புரட்டியதும் வயிற்றைக் கலக்கியது. வாடிக்கையாளரின் வங்கி இருப்பு, ஒரு பெண்ணின் வீட்டு வாட்ஸ்அப் பேச்சு, மருத்துவமனை ரிப்போர்ட் எல்லாம் கிடந்தன. வேலை நடந்ததா என்பது மட்டும் தெரியவில்லை. என் அப்பா காலத்திலிருந்து கணக்கெழுதும் அண்ணாச்சிக்குப் பாதி நாள் 'செயலற்ற நேரம்' என்று வந்தது. காட்டினேன். "மக்கா, பில்லுக் கட்ட வச்சு டிக் அடிச்சிட்டுல்லா இருந்தேன். அதுக்கு மவுஸ ஆட்டணுமா?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை, சந்தாவை நிறுத்தினேன்.

இதில் விபரீதம் எங்கே போய் முடியும் என்பதற்கு அமெரிக்காவில் பெரிய உதாரணமே உண்டு. பென்சில்வேனியாவில் லோயர் மெரியன் பள்ளி மாவட்டம் மாணவர்களுக்குக் கொடுத்த லேப்டாப்களில் திருட்டுத் தடுப்புக்கென்று மென்பொருள் போட்டது. வீட்டில் இருந்த பிள்ளைகளையே அது கேமராவில் படம் பிடித்தது 2010-இல் வழக்கானது. ஆறு லட்சத்துப் பத்தாயிரம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்தார்கள். தொலைந்ததாகக் குறித்தால் பிரேயும் கேமராப் படமும் திரைப் படமும் எடுக்கும். எங்கள் லேப்டாப்புகளில் கேமராப் படத்தை நிறுத்தி வைத்திருக்கிறேன்.

இப்போது அவரவர் லேப்டாப்பில் 'ஆக்டிவிட்டிவாட்ச்' ஓடுகிறது. இலவசம், திறந்த மூலநிரல், பதிவெல்லாம் அந்தந்த லேப்டாப்பிலேயே கிடக்கும். என் கைக்கு வராது. எந்த மென்பொருள், எந்த சாளரம், எவ்வளவு நேரம் என்று எழுதி வைக்கும். மூன்று நிமிடம் கீபோர்டும் மவுஸும் சும்மா இருந்தால் ஆள் இல்லை என்று குறிக்கும். அந்த மூன்று நிமிடத்தை நாமே அதிகமாக்கிக்கொள்ளலாம். ஜி.எஸ்.டி.யில் மாதம் 11-ஆம் தேதி விற்பனை விவரமான ஜி.எஸ்.டி.ஆர்-1-க்கும், 20-ஆம் தேதி சுருக்கக் கணக்கான 3பி-க்கும் கடைசி நாள். இரண்டுக்கும் முந்தின நாட்களில் யாருக்கு எது இழுக்கிறது என்று அவர்களே பார்த்து வந்து சொல்கிறார்கள். ஜி.எஸ்.டி. போர்ட்டல் சுற்றிக்கொண்டிருக்கும் நேரமே கணிசம் என்று தெரிந்ததும் படிவம் தாக்கல் செய்வதை ராத்திரிக்கும் அதிகாலைக்கும் பிரித்துக்கொண்டோம். குறையும் உண்டு. கணக்கெழுதும் மென்பொருளான டேலியில் நாலு மணி நேரம் என்று வரும்; பில் ஏற்றினாரா, ஏற்றியதில் தப்பைத் தேடினாரா என்று வராது. அதில் வரும் விளக்கப்படங்களும் பட்டைகளும் முதலில் பார்ப்பவரை மிரட்டும்.

மகளின் லேப்டாப்பில் அவளுக்குத் தெரியாமல் கண்காணிப்பு மென்பொருள் போட்டுத் தர முடியுமா என்று சில வாடிக்கையாளர்கள் கேட்கிறார்கள். மாட்டேன் என்று சொல்லிவிடுவேன். பிள்ளை சின்னது என்றால் மைக்ரோசாஃப்ட் ஃபேமிலி சேஃப்டியைப் பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வைத்துப் போடுங்கள். அதன் இணைய வடிகட்டி மைக்ரோசாஃப்டின் எட்ஜ் பிரவுசரில் மட்டுமே வேலை செய்யும். குரோம் போன்ற மற்ற பிரபலமான பிரவுசர்களை அது வழக்கமாகத் தடுத்துவிடும்; நாமே அனுமதித்துவிட்டால் அங்கே வடிகட்டி இருக்காது.

காசு கட்டும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். லேப்டாப்பை ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, வைஃபை குறைந்த ஒரு இடத்துக்குக் கொண்டுபோய், தொலைந்ததாக நீங்களே குறித்து, என்ன வருகிறது என்று பாருங்கள். பிறகு மூடிவைத்து மறுபடி பாருங்கள். வாங்கிய பில்லையும் சீரியல் நம்பரையும் வேறு இடத்தில் எழுதி வையுங்கள். காவல் நிலையத்தில் முதலில் அதைத்தான் கேட்பார்கள். பையில் போன் நம்பர் ஒட்ட மறக்க வேண்டாம்.