மணிக்கணக்கு எழுதி வைக்கும் செயலி: ஒரு வருடம் பயன்படுத்தியதில்

ஆஸ்திரேலியாவின் மெல்பனில் படிக்க வந்து ஓட்டல் கிச்சனில் பாத்திரம் கழுவியவர்களுக்கு இந்தக் கதை பழையதுதான். சனி, ஞாயிறு பதினொரு மணி நேரம் நின்றுவிட்டு, திங்கட்கிழமை கவரில் பணம் வாங்குவேன். மணிக்கு 15 டாலர். பேஸ்லிப் (சம்பளச் சீட்டு) கேட்டால், "தம்பி, நம்ம ஊர்ப் பையன் நீ, உன்னைப் போய் ஏமாத்துவேனா?" என்பார் முதலாளி. இங்கே 2025 ஜூலையில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 24.95 டாலர் ஆனது. கேஷுவல் ஆளுக்கு, அதாவது நிரந்தரமில்லாமல் தேவைக்குக் கூப்பிடும் ஆளுக்கு, அதற்கு மேல் 25 சதவீதம் சேர்ந்தால் 31 டாலரைத் தாண்டிவிடும்.

ரூம்மேட் சொல்லித்தான் 'ரெக்கார்ட் மை ஹவர்ஸ்' செயலியைப் போனில் ஏற்றினேன். வேலைச் சட்டங்களைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான ஃபேர் வொர்க் ஒம்புட்ஸ்மன் அலுவலகம் இலவசமாகத் தருவது. கடை முகவரியைப் போட்டுவிட்டால், நாம் உள்ளே போகும் நேரத்தையும் வெளியே வரும் நேரத்தையும் போனின் இருப்பிடத்தை வைத்து அதுவே குறித்துக்கொள்ளும். ஆனால் நாம் அங்கே இருந்தோம் என்பதுதான் அதற்குத் தெரியும், வேலை செய்தோமா, ஓரமாக உட்கார்ந்து டீ குடித்தோமா என்பது தெரியாது. அதனால் ராத்திரி பஸ்ஸில் வரும்போதே சரிபார்த்து, இடைவேளையைக் கழித்து, கையால் திருத்திவிடுவேன். சுவரில் ஒட்டியிருக்கும் ரோஸ்டரை (யாருக்கு எப்போது வேலை என்ற பட்டியலை) படம் எடுத்து அதிலேயே சேர்த்து வைக்கலாம். இது ரொம்ப உதவியது.

வெறும் நேரக்கணக்குக்கு இவ்வளவு மதிப்பா என்று நானும் நினைத்தேன். மதிப்பு எங்கே வருகிறது என்றால், முதலாளி சட்டப்படி வைக்க வேண்டிய பதிவேட்டை வைக்காமல் விட்டிருந்தால், நீதிமன்றத்தில் நாம் சொல்லும் கணக்கு பொய் என்று நிரூபிக்கும் பாரம் அவர் தலையில் விழும். 2017-இல் வந்த திருத்தம் அது. நோட்டுப் புத்தகமே இல்லாத கடைக்காரர் எதைக் காட்டுவார்?

சரி, கம்பெனியில் பணம் இல்லை என்று கையை விரித்தால்? என் முதலாளி அதைத்தான் சொன்னார். கடையை மூடி, பெயர்ப் பலகையை மாற்றி, அதே அடுப்பில் அதே சாம்பார் கொதிக்கும் கதையெல்லாம் இங்கே சகஜம். ஆனால் இங்குள்ள வேலைச் சட்டமான ஃபேர் வொர்க் சட்டத்தின் 550-ஆம் பிரிவு, மீறலில் தெரிந்தே பங்கெடுத்தவரையும் பொறுப்பாக்குகிறது. 2016-இல் கோல்ட் கோஸ்ட் செக்யூரிட்டி நிறுவனம் ஒன்றின் வழக்கில், பாக்கிச் சம்பளத்தை இயக்குநரும் தன் கையிலிருந்து கட்ட வேண்டும் என்று தீர்ப்பானது. அடுத்த வருடம் மெல்பனில் ஒரு துரித உணவுக் கடையின் கணக்குகளைப் பார்த்த அக்கவுண்டிங் நிறுவனமே மாட்டியது, மேல்முறையீட்டிலும் தப்பவில்லை. 2025 ஜனவரி முதல் வேண்டுமென்றே குறைத்துக் கொடுப்பது குற்றமும்கூட, தனிநபருக்குப் பத்து வருடம் வரை சிறை உண்டு.

இதில் ஒரு நெளிவு இருக்கிறது, செயலியின் குறையும் அங்கேதான். இயக்குநர் என்ற பதவி மட்டும் போதாது, அவருக்கு நடப்பது தெரிந்திருந்தது என்று காட்ட வேண்டும். செயலி என் நேரத்தைச் சொல்லும், அவர் மனதைச் சொல்லாது. அதற்கு என் முதலாளி அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள்தான் சாட்சி. "ஞாயித்துக்கிழமைக்கும் அதே 15தான்பா" என்று ஒரு நாள் ராத்திரி அனுப்பியிருந்தார். போன் மாற்றும்போது இதையெல்லாம் அழித்துவிடாதீர்கள். பாக்கி கேட்க ஆறு வருடம் வரை நேரம் இருக்கிறது, 1,00,000 டாலர் வரை சிறு கோரிக்கையாகவே (எளிய நடைமுறையில் விசாரிக்கும் வழக்காக) போடலாம்.

ஐந்துக்கு நாலு கொடுப்பேன். எனக்கு வழக்குவரை போக வேண்டியிருக்கவில்லை. கணக்கையும் அந்தச் செய்தியின் படத்தையும் ஒரே மின்னஞ்சலில் அனுப்பினேன், மூன்று தவணையாகப் பணம் வந்தது. கடைசித் தவணைக்குத்தான் பேஸ்லிப் இன்னும் வரவில்லை. பணம் கொடுத்த ஒரு வேலை நாளுக்குள் தர வேண்டும் என்பது சட்டம், எழுதிக் கேட்டிருக்கிறேன்.