பதினாறு பிரிப் போசாலும் குதிரைமயிர் மெகாத்தேயும்: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

குதிரையின் வாயில் இரும்பு எதையும் வைக்காமல், மூக்கின்மேல் தங்கும் தோல் வளையம் ஒன்றினாலேயே அதனைப் பழக்கத் தொடங்குவது கலிபோர்னிய வகேரோக்களின், அதாவது குதிரைமேல் சென்று மாடு மேய்ப்பவர்களின், வழி. அந்த வளையத்துக்குப் போசால் என்று பெயர். ஓராண்டுக்கு முன், தனியாளாக இருந்து தோல் பின்னும் கைவினைஞர் ஒருவரிடம் 5/8 அங்குலத் தடிமனுள்ள போசால் ஒன்றையும், அதில் பூட்டும் 22 அடிக் குதிரைமயிர்க் கயிறான மெகாத்தேயையும் சொல்லிச் செய்வித்து வாங்கினேன். இரண்டுக்கும் சேர்த்து ஏறக்குறைய 700 டாலர் ஆயிற்று. இதில் பத்தில் ஒரு பங்கு விலைக்கே கடையில் போசால் கிடைக்கும்போது இவ்வளவு கொடுப்பது தகுமா என்று என்னிடம் கேட்டவர்கள் பலர். தகும் என்பதே என் முடிவு. ஆனால் அது எல்லோருக்கும் பொருந்தாது.

விலையின் வேறுபாடு, வெளியே தெரியாத உட்கருவில் இருக்கிறது. மலிவான போசால்களில் எஃகுக் கம்பிவடத்தின்மேல் தோலைப் பின்னியிருப்பார்கள். அது குதிரையின் முகவாகுக்கு ஏற்ப வளைந்து படியாது. என்னிடம் உள்ளதில் உட்கருவும் பதனிடாத மாட்டுத்தோலே. இரு பக்கங்களையும் கையால் நெருக்கிவிட்டு விட்டால் உயிருள்ள பொருளைப்போல விரிந்து தன் வடிவுக்குத் திரும்புகிறது. மரக்கட்டை ஒன்றைச் செருகி ஒரு வாரம் கட்டி வைத்ததில், நான் ஓட்டும் ஐந்து வயதுப் பெட்டைக் குதிரையின் மூக்குக்கு அது அளவெடுத்ததுபோல் அமைந்துவிட்டது. பதினாறு பிரிகளும் ஒரே அகலத்தில், ஓரம் சீவப்பட்டு, விரலால் தடவினால் எங்கும் தடுக்காத வகையில் பின்னப்பட்டிருக்கின்றன. குதிரையின் தாடையை நாள்தோறும் தொடும் பொருளில் இந்த வழவழப்பை வெறும் அழகாகக் கருத முடியாது.

நம் ஊர் மூக்கணாங்கயிற்றை அறிந்தவர்கள் இதையும் அதைப்போன்றது என எண்ணிவிடக்கூடும். போசால் எதையும் துளைப்பதில்லை. மூக்கெலும்பின்மேல் தளர்வாக அமர்ந்து, கனமான கீழ்முடிச்சின் எடையால் தாடையை விட்டுத் தொங்குகிறது. லகானைச் சற்றே உயர்த்தினால் தாடையைத் தொடும், விட்டவுடன் விலகும். அந்த விலகலே குதிரைக்குக் கிடைக்கும் விடை. தொடர்ந்து இழுத்துப் பிடிப்பவரின் கையில் இது பயனற்றது. குதிரை எளிதில் அதன்மேல் சாய்ந்து இழுக்கக் கற்றுக்கொள்ளும்.

இதற்கு முன் இரண்டு ஆண்டுகள் டெக்சஸ் கௌபாய் வழியில் பயின்றிருந்தேன். அங்கே இளங்குதிரைக்கு நடுவில் மூட்டுள்ள எளிய கடிவாளம் பூட்டுவார்கள். சில காலத்தில் நெம்புகோல்போல் தாடையை அழுத்தும் நீள்கைக் கடிவாளத்துக்கும் பிரிந்த இரு லகான்களுக்கும் மாறிவிடுவார்கள். வகேரோ வழியில் போசாலில் ஓரிரு ஆண்டுகள் பழகிய பின், மெல்லிய போசாலையும் கடிவாளத்தையும் சேர்த்துப் பூட்டி இரட்டை லகானில் ஒரு கட்டம் நடத்தி, அதன் பிறகே கரண்டி வடிவ நாக்குடைய ஸ்பேட் கடிவாளத்தை மட்டும் தனியே நம்பி ஓட்டுகிறார்கள். ஐந்து ஆண்டுகளுக்கு மேலும் ஆகலாம்.

இந்தப் பொறுமைக்கு வரலாற்றில் காரணம் உண்டு. 1769-இல் சான் டியேகோவில் முதல் மிஷன் எனும் ஸ்பானியக் கிறித்தவ மறைப்பணி நிலையம் அமைந்த பின் கலிபோர்னியாவில் மந்தைகள் பெருகின. மாடுகள் பெரும்பாலும் தோலுக்காகவும் கொழுப்புக்காகவுமே வளர்க்கப்பட்டன. மந்தையைத் தொலைதூரச் சந்தைக்கு விரைந்து ஓட்டிச் செல்லும் நெருக்கடி அங்கே இல்லை. டெக்சஸிலோ 1865-இல் உள்நாட்டுப் போர் முடிந்ததும் மாடுகளைக் கான்சஸின் இரயில் நிலையங்கள்வரை ஓட்டிச் செல்லும் பெருந்தொழில் எழுந்தது. வேலைக்கு உடனே உதவும் குதிரைகள் பல தேவைப்பட்டன. டெக்சஸ் கௌபாயும் மெக்சிகோ வகேரோவிடம் கற்றவரே. மாட்டைப் பிடிக்க வீசும் சுருக்குக் கயிற்றைக் குறிக்கும் லேரியட் என்ற ஆங்கிலச் சொல்லே ஸ்பானிய 'லா ரியாத்தா' என்பதன் திரிபுதான். டெக்சஸின் புதர்க்காட்டில் முப்பது அடிக் கயிற்றைச் சேணக் கொம்பில் இறுக முடிந்துவிட்டு மாட்டைப் பிடித்தவருக்கும், கலிபோர்னியாவின் திறந்த வெளியில் அறுபது அடித் தோல் ரியாத்தாவை வீசிக் கொம்பில் சுற்றி வழுக்கவிட்டவருக்கும் ஒரே குதிரை, ஒரே சேணம் பொருந்தியிருக்காது. தோல் கயிறு திடீர் இழுப்பில் அறுந்துவிடும் என்பதால், வகேரோவின் கையே நிதானத்தைக் கற்க வேண்டியிருந்தது. அந்த நிதானத்தையே போசாலிலும் காண்கிறேன்.

மெகாத்தேயைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். இது வால்மயிர் கலவாத பிடரிமயிர்க் கயிறு. வால்மயிர் மிகவும் குத்தும். பிடரிமயிரானாலும் முதல் மாதம் உள்ளங்கை எரிந்தது. கையுறை இல்லாமல் ஓட்டுவதைப் பலமுறை கைவிட நினைத்தேன். இப்போது கயிறு மென்மையாகிவிட்டது. அதன் இலேசான குத்தல் கழுத்தில் பட்டதும் குதிரை திரும்பத் தொடங்குவதால், என் கையின் வேலை பாதியாகக் குறைந்திருக்கிறது. லகானாகச் சுற்றியது போக எஞ்சும் நீளத்தை இடுப்பில் செருகிக்கொண்டால், இறங்கியதும் அதுவே பிடிகயிறு ஆகிறது.

குறைகள் இரண்டு. போசாலைத் தாங்கும் தலைவார் மிக மெல்லியது. எட்டாவது மாதத்தில் கொக்கியருகே வெடிப்புவிட்டதால் வேறொன்று மாற்றினேன். சொன்ன தேதிக்கு மூன்று மாதம் கழித்தே பொருள் கைக்கு வந்தது என்பதும், இடையில் எந்தத் தகவலும் தரப்படவில்லை என்பதும் வருத்தமே. வேலைப்பாட்டில் காட்டிய அக்கறையை அவர் ஒரு கடித வரியிலும் காட்டியிருக்கலாம்.

வாரம் ஒருமுறை மட்டும் ஓட்டுபவரும், வழிகாட்ட அனுபவசாலி அருகில் இல்லாதவரும் இதை வாங்க வேண்டாம். அவர்களுக்கு எளிய மூட்டுக் கடிவாளமே குதிரைக்கும் நல்லது. வெள்ளி வேலைப்பாட்டில் மயங்கி ஸ்பேட் கடிவாளத்தை முதலில் வாங்குபவர்களைப் பார்த்தால் உண்மையிலேயே அச்சமாக இருக்கிறது. பழகாத கையில் அது குதிரையின் அண்ணத்தைப் புண்ணாக்கிவிடும். இளங்குதிரையோடு ஆண்டுக்கணக்கில் இருக்கப்போகிறவர்கள் மட்டும் இந்தக் கைவினைஞரிடம் தாராளமாகச் சொல்லிச் செய்விக்கலாம். அடுத்த கட்டத்துக்கான அரை அங்குலப் போசாலுக்கு, தாமதத்தையும் கணக்கில் கொண்டு, நான் இப்போதே அவரிடம் முன்பணம் கொடுத்திருக்கிறேன்.