ஆடும் டேஷ்போர்டு பேனல்: ஒட்டுவதா, உருக்குவதா, மாற்றுவதா?

தர்மபுரியிலிருந்து சேலம் போகும்போது தொப்பூர் கணவாய் இறக்கத்தில்தான் அந்தச் சத்தம் ஆரம்பிக்கும். எங்களுடையது 2006 மாடல் வண்டி. ஸ்டீரியோவைச் சுற்றியிருக்கும் நடு பேனல் வலது ஓரத்தில் விரல் நுழையும் அளவுக்குப் பிரிந்து நின்றது. அப்பா பஸ் டிக்கெட்டை நாலாக மடித்து அந்த இடுக்கில் செருகி வைத்திருந்தார். டிக்கெட் நழுவினால் மறுபடி கடகட. எங்கள் வண்டியிலும் மாமா வண்டியிலுமாகப் பசை, டேப், பிளாஸ்டிக் வெல்டிங், பழைய பாகம் என்று எல்லா வழியையும் பார்த்தாகிவிட்டது. எது எங்கே நிற்கும், எது எங்கே கைவிடும் என்பதை எழுதுகிறேன்.

எதை வாங்கும் முன்பும் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. கிருஷ்ணகிரியில் பம்பர் வெல்டிங் செய்யும் ஒரு அண்ணன் சொன்னது அது: “தம்பி, பசைய அப்புறம் வாங்கிக்கலாம். மொதல்ல அதக் கழட்டித் திருப்பிப் பாரு.”

திருப்பினால் பின்பக்கம் ஒரு ஓரத்தில் சின்ன எழுத்துகள் அச்சாகியிருக்கும். அது எந்த வகைப் பிளாஸ்டிக் என்று சொல்லும் குறி. பெரும்பாலும் ஏபிஎஸ் அல்லது பிபி, அதாவது பாலிப்ரொப்பிலீன். பிபி-டி20 என்றிருந்தால் அது 20 சதவீதம் டால்க் பவுடர் கலந்த பாலிப்ரொப்பிலீன். எழுத்து தேய்ந்திருந்தால் பிளாஸ்டிக்கைக் கரைக்கும் அசிட்டோன் திரவத்தை ஒரு துளி பஞ்சில் தொட்டு, வெளியே தெரியாத பின்பக்கத்தில் தேயுங்கள். பிசுபிசுவென்று கரைந்து வந்தால் ஏபிஎஸ். ஒன்றுமே ஆகாவிட்டால் பெரும்பாலும் பிபி. ஒரு சீவலைத் தண்ணீரில் போட்டுப் பார், மிதந்தால் பிபி என்றும் சொல்வார்கள். அதை முழுசாக நம்ப முடியாது. சாதாரண பிபி மிதக்கும், 20 சதவீதம் டால்க் கலந்தது மூழ்கிவிடும்.

இந்த வித்தியாசம் தெரியாமல்தான் நாம் பசையைத் திட்டுகிறோம். பிபி மேல் எந்தச் சாதாரணப் பசையும் பிடிக்காது. மெழுகு பூசிய தட்டில் தண்ணீர் நிற்காத மாதிரி, பசை அதன் மேல் பரவாமல் காய்ந்து தோலாக உரிந்து வரும். அதற்கென்று இருக்கும் தனி ப்ரைமரை, அதாவது அடிப்பூச்சை, முதலில் பூசினால்தான் ஓரளவு பிடிக்கும்.

சரி, ஏபிஎஸ் என்றால்? உடனே கிடைப்பது சின்ன ட்யூபில் வரும் சூப்பர் க்ளூ. ஐந்து வினாடியில் பிடிக்கும், ஆனால் இறுகியதும் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். வெயிலில் நிற்கும் காரின் டேஷ்போர்டு 70 டிகிரியைத் தொடும், இந்தப் பசை 80 டிகிரிக்கே வலுவிழக்கும். அதோடு ரோட்டின் அதிர்வும் சேர்ந்தால் எத்தனை நாள் தாங்கும்? இன்னொரு தொல்லை, அதன் ஆவி கறுப்பு பிளாஸ்டிக் மேல் வெள்ளைப் படலமாகப் படியும். உடைந்த இரண்டு துண்டுகளை நேராகப் பொருத்தி நிறுத்தி வைக்க மட்டும் நான் இதைப் பயன்படுத்துகிறேன்.

அரால்டைட் மாதிரி இரண்டு ட்யூபைக் கலக்கும் எபாக்ஸி இதைவிடப் பல மடங்கு மேல். ஐந்து நிமிடத்தில் இறுகுவதை வாங்காமல், ஓர் இரவு எடுக்கும் வகையை வாங்குங்கள். ஒட்டும் இடத்தை உப்புத்தாளால் சொரசொரப்பாக்குவது கட்டாயம். ஏபிஎஸ்ஸுக்கு இதைவிட மலிவான வழியும் ஒன்று உண்டு. அதே பேனலில் உடைந்த, வேண்டாத துண்டைச் சீவி அசிட்டோனில் ஊறப்போட்டால் கூழாகக் கரையும். அந்தக் கூழை விரிசலில் பின்பக்கமாக நிரப்பினால் பிளாஸ்டிக்கும் பிளாஸ்டிக்கும் ஒன்றாகிவிடும். காற்றோட்டமான இடத்தில், நெருப்புக்கு எட்டாமல் செய்ய வேண்டும். முன்பக்கத்தில் ஒரு சொட்டு சிந்தினாலும் பளபளப்பு போய்விடும்.

டபுள் டேப்பைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. மர டிசைன் பட்டை, கதவோரப் பட்டை போன்ற எடையில்லாத அலங்காரத்துக்கு நல்ல அக்ரிலிக் ஃபோம் டேப் போதும். கடைகளில் விற்கும் டேஷ்போர்டு பாலிஷில் சிலிக்கோன் இருக்கும், அதன் மேல் டேப் நிற்காது. சோப்புத் தண்ணீரில் கழுவி, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, பிறகு ஒட்டுங்கள். முழு வலு வர மூன்று நாள் ஆகும்.

ஸ்க்ரூ பிடிக்கும் குமிழ் உடைந்தாலோ, பேனலைப் பிடித்து நிறுத்தும் பின்பக்கக் கால் முறிந்தாலோ எனக்கு நம்பிக்கை உருக்கி இணைப்பதில்தான். எங்கள் நடு பேனலில் நடந்தது அதுதான். பின்பக்கம் ஒரு கால் பாதியில் முறிந்து, முறிந்த இடம் மட்டும் பால் மாதிரி வெளுத்திருந்தது. பிளாஸ்டிக் நிறைய நாள் வளைந்து வளைந்து சோர்ந்ததன் அடையாளம் அந்த வெளுப்பு. அந்த அண்ணன் காலை நேராக நிறுத்தி, நகத்தளவு ஸ்டீல் வலையை மேலே வைத்து, சால்டரிங் அயர்ன் முனையால் மெதுவாக அழுத்தினார். வலை வெண்ணெய்க்குள் கத்தி போல உள்ளே இறங்கியது, உருகிய பிளாஸ்டிக் அதன் கண்களுக்குள் ஏறி மூடிக்கொண்டது. அப்புறம் அதே வகைப் பிளாஸ்டிக் குச்சியை உருக்கி மேலே பூசினார். பிபிக்கு பிபி, ஏபிஎஸ்ஸுக்கு ஏபிஎஸ், மாற்றினால் ஒட்டாது. பசை தோற்கும் பிபியில் இது நிற்கும் என்பதுதான் இதன் பெரிய பலம். மெல்லிய பேனலில் சூடு அதிகமானால் முன்பக்கம் குழி தெரியும். அதனால் முதலில் ஒரு கழிவுத் துண்டில் கை பழக வேண்டும். புகையை முகர வேண்டாம்.

ஆனால் பாதிப் பேருக்கு இவை எதுவுமே தேவைப்படாது. மாமா வண்டியில் ஏசி வென்ட் பேனல் ஆடியதும் எபாக்ஸி வாங்கக் கிளம்பினார். கழற்றிப் பார்த்தால் கால்கள் எல்லாம் முழுசாக இருந்தன, ஆறு இரும்பு கிளிப்பில் இரண்டைக் காணோம். முன்பு யாரோ இழுத்துக் கழற்றியபோது உள்ளே விழுந்திருக்கின்றன. டீ விலையில் புது கிளிப் இரண்டு, சத்தம் நின்றது. அன்றைக்கு எபாக்ஸி போட்டிருந்தால், அடுத்த முறை அந்தப் பேனலுக்குப் பின்னால் வேலை வரும்போது உடைத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். கழற்றுவதற்காகச் செய்த இடத்தை நிரந்தரமாக ஒட்டுவதை நான் எப்போதும் எதிர்ப்பேன்.

பழைய பாகம் தேடுவதென்றால் இங்கிருந்து ஓசூர் தாண்டி பெங்களூர் சிவாஜி நகர் பக்கம் போகிறார்கள். பேனல் இரண்டு மூன்று துண்டாகப் போயிருந்தால் அது நியாயம். ஆனால் அதுவும் அதே வயதுப் பிளாஸ்டிக், உங்கள் வண்டியில் உடைந்த கால் அதிலும் உடையும் நிலையில் இருக்கலாம். முன்பக்கப் பளபளப்பைப் பார்க்காதீர்கள், திருப்பி அந்த வெளுப்பு இருக்கிறதா என்று பாருங்கள். நிறமும் வெயிலில் வேறு மாதிரி மங்கியிருக்கும்.

எந்த வழியானாலும் கழற்றும்போது ஸ்க்ரூடிரைவரால் நெம்பாமல் பிளாஸ்டிக் நெம்பி வைத்து எடுங்கள். மார்கழிக் காலையில் ஓசூர் குளிரில் தொடவே வேண்டாம், வண்டி வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற பிறகு பிளாஸ்டிக் வளைந்து கொடுக்கும்.

ஏர்பேக் உள்ள வண்டியில் அதன் மூடியில் பசை, டேப், வெல்டிங் எதுவும் கூடாது. அது குறித்த கோட்டில் பிளந்து திறக்க வேண்டிய மூடி. அங்கே விரிசல் என்றால் கம்பெனி சர்வீஸ் சென்டரில் காட்டி புது மூடி போடச் சொல்லுங்கள்.